கணினி எழவில்லை, மீட்பு வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு விண்டோஸ் 10 அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அதிலிருந்து எத்தனை முறை போட்டாலும் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' நீலத்திரைக்கே வந்து நிற்கிறது. ஸ்டார்ட்டப் ரிப்பேர் இரண்டு முறை ஓட்டினேன், பலனில்லை.

சிஸ்டம் ரீஸ்டோரில் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதி) 12 நாள் பழைய ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று தெரிகிறது. அது சொந்தக் கோப்புகளைத் தொடாது என்று தெரியும். ஆனாலும் கை வரவில்லை. அப்பாவின் கடைசி ஆண்டுப் படங்கள் முழுவதும் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்கில் ஃபைல் ஹிஸ்டரி (கோப்புகளைத் தானாகப் பிரதி எடுக்கும் விண்டோஸ் வசதி) வைத்திருந்தேன். டிஸ்கைச் செருக மறந்ததால் கடைசிப் பிரதி மூன்று வாரத்துக்கு முந்தையது. படங்களில் பாதி அதற்குப் பிறகு ஸ்கேன் செய்தவை.

ரீஸ்டோருக்கு முன், மீட்புத் திரையில் உள்ள கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் சாளரம்) நோட்பேடைத் திறந்து, அதன் ஓப்பன் சாளரம் வழியாகப் படங்களை யூஎஸ்பிக்கு நகலெடுக்கலாம் என்றார் ஒருவர். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பெரிய ஃபோல்டர், சுமார் 40 ஜிபி. அதற்கு ரோபோகாப்பி (கட்டளை மூலம் மொத்தமாக நகலெடுக்கும் விண்டோஸ் கருவி) நல்லதா? அப்புறம், ரீஸ்டோரும் தோற்றால் 'கீப் மை ஃபைல்ஸ்' ரீசெட் (சொந்தக் கோப்புகளை விட்டுவைத்து விண்டோஸை மறுபடி நிறுவுவது) போடலாமா, லினக்ஸ் (வேறொரு இயங்குதளம்) உள்ள பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதா?

பதில் வரும்வரை கணினியை அணைத்தே வைத்திருக்கிறேன்.