ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 6, 7, 8 வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 28 பேர். பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். தமிழில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே ஒலித்துப் பழகியவர்கள், 'நைட்' என்ற சொல்லுக்கு நடுவே ஜி, எச் இரண்டும் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இலக்கணத்தில் பெரிய சிக்கல் வினைச்சொல்லின் இடம். தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் 'ஐ மேங்கோ ஈட்' என்று எழுதுகிறார்கள். சொற்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, இடம் மாற்றி அடுக்க வைத்தேன். ஓரளவு கைகொடுத்தது. 'எ', 'தி' எங்கே போடுவது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

வாசிப்புக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்திலிருந்து, மிக எளிதான முதல் இரண்டு நிலைக் கதைகளை எடுக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவை சின்னக் குழந்தைகளின் கதையாகத் தெரிகின்றன. சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள். சொற்கள் எளிதாகவும் விஷயம் அவர்கள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கும் கதைகள் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், சொந்தமாக ஐந்து வரி எழுத வைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? என் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். வகுப்பில் செய்து பலன் கண்டதை எழுதுங்கள், இந்த வாரமே தொடங்கிவிடுகிறேன்.