சைக்கிள் லைட் மவுண்ட் உடைஞ்சிருச்சு, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, என் சைக்கிள் முன் லைட்ட ஹேண்டில்பார்ல பிடிச்சு வைக்கிற மவுண்ட் போச்சு. லைட் நல்லாத்தான் எரியுது, லைட்ட உள்ள தள்ளுனா கிளிக்குனு பிடிச்சுக்குமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு மட்டும் அடியோட முறிஞ்சிருச்சு, இப்போ சிங்கப்பூர் பார்க் கனெக்டர்ல (பூங்காக்கள இணைக்கிற பாதை) லேசா ஒரு மேடு ஏறுனாலே லைட் தலைய குனிஞ்சு டயரத்தான் பாக்குது. சூப்பர் குளூ போட்டும் நிக்கல, மொத்த ஆட்டமும் அந்த இடத்துலதானே வருது.

வாங்குன கடையில மவுண்ட் தனியா இல்லையாம், முழு செட்டா வாங்கணுமாம். நல்லா எரியுற லைட்ட எதுக்குங்க தூக்கிப் போடணும்?

ஹேண்டில்பார் நடுவுல 31.8 மிமீ, கைப்பிடி பக்கம் 22.2, எதுல மாட்டுனாலும் சரி. ரப்பர் ஸ்ட்ராப் மவுண்ட் தாங்குமா, இல்ல 3டி பிரிண்ட் யாராவது பண்ணித் தருவீங்களா? பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேணாம், 60 டிகிரி கிட்ட இளகிரும், நம்ம ஊர் வெயில்ல நிறுத்துற வண்டி, பிஇடிஜி பிளாஸ்டிக்னா தேவலாம். லிட்டில் இந்தியா, காலாங் பக்கம் உதிரி வச்சிருக்குற கடை இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு நைட் ஷிப்ட், 7 மணிக்கு மேல லைட் இல்லாம ரோட்ல இறங்கக் கூடாது, அதான் கொஞ்சம் அவசரம்.