டேபிளை விட்டு எழுந்த பிறகும் மனதை விட்டுப் போகாத செஷன்

மலைக்கோட்டை பாலடின்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டி&டி (டன்ஜன்ஸ் & டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் எடிஷன், மூன்றாம் லெவல். குகையில் இருந்த கோப்ளின் அரக்கர்களை முடித்தாயிற்று. கடைசி அறையில் ஒரு தோல் திரை. விலக்கினால் நான்கு கோப்ளின் குட்டிகள். ஒன்று எலும்பைச் சூப்பிக்கொண்டிருப்பதாக, கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சொன்னார்.

நான் பாலடின், நெறி காக்கும் வீரன். எங்கள் ரேஞ்சரின் (வில்வீரனின்) பின்கதை வழக்கமானதுதான்: ஊரைக் கோப்ளின்கள் எரித்துவிட்டன, தங்கை செத்துப்போனாள். அவன் வில்லை எடுத்தான். நான் வாசலை மறித்து நின்றேன். "விலகு" என்றான். "மாட்டேன்" என்றேன். முதலில் கேரக்டர் பெயரைச் சொல்லித்தான் சண்டை போட்டோம். எப்போது சொந்தப் பெயருக்கு மாறினோம் என்று தெரியவில்லை. டிஎம் ஸ்கிரீனுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, இனிஷியேட்டிவ் போடுங்க" என்றார், அதாவது சண்டையில் யார் முதலில் என்று டைஸ் போடச் சொன்னார்.

அவன் டைஸை உருட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இருபது பக்க டைஸான டி20-ஐ, இருபது மேலே தெரியும்படி கையால் மேசையில் வைத்தான். "இப்ப என்ன பண்ணுவ?" என்றான்.

கேம்பெயின் (செஷன் செஷனாகத் தொடரும் கதை) அன்றோடு முடிந்தது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். அப்புறம் நான்கு மாதம் பேச்சே இல்லை. குட்டிகளைக் காப்பாற்றத்தான் நின்றேனா, இல்லை அவன் நினைத்தது நடக்கக் கூடாது என்று நின்றேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை.

கோவை கிளெரிக்:

எங்கள் குழுவில் (பார்ட்டியில்) நான் கிளெரிக், குணப்படுத்தும் பூசாரி. இன்னொருத்தி ரோக், அதாவது திருடி. பார்ட்டிக்குள்ளேயே திருடுவாள். பத்து காசு, இருபது காசு என்று இருந்தவரை எல்லோரும் சிரித்தோம்.

ஐந்தாம் லெவல் வந்ததும் நான் முதலில் வாங்கியது, செத்தவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை மந்திரத்துக்கான வைரம். 300 தங்கம், எல்லோரும் பங்கு போட்டது. கேரக்டர் ஷீட்டில் பென்சிலால் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டு வைத்திருந்தேன். இரண்டு செஷன் கழித்து எங்கள் மாங்க் (துறவி வீரர்) சண்டையில் விழுந்தார். உயிர் பிழைக்கப் போடும் டெத் சேவ் மூன்றும் போச்சு. ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பித்தாக வேண்டும், அதாவது பத்து ரவுண்டு. ஓடிப்போய்த் தொட்டேன், மந்திரத்தைச் சொன்னேன். டிஎம் என்னைப் பார்க்காமல் ரோக் ஆடிய தோழியைப் பார்த்தார். வைரத்தை அவள் எடுத்துவிட்டதாக அவளும் அவரும் போன வாரமே ரகசியமாகச் சீட்டு எழுதி விஷயத்தை முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்றாள்.

மாங்க் ஆடியது முதல் தடவையாக டேபிளுக்கு வந்த ஒரு ஜூனியர் பெண். பத்துப் பக்கத்துக்குப் பின்கதை எழுதிக்கொண்டு வந்தவள். ஷீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லக்கா" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் ஏன் சொன்னாள்?

டி20 தாத்தா:

முதலில் எழுதிய தம்பிக்கு: நீங்கள் உங்களையே நொந்துகொள்வது அநியாயம். தப்பு டிஎம் மேல். குட்டிகளை அந்த அறையில் வைத்தது யார்?

இது பழைய வழக்கம். 1980 வாக்கில் வந்த 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' அட்வென்ச்சரிலேயே குகைகளில் பெண்களும் குட்டிகளும் இத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அவர்களை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இருக்காது. முதல் எடிஷன் பாலடின் தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் பாலடின் பதவி போனதுதான், திரும்பக் கிடைக்காது. மூன்றாம் எடிஷனிலும் லாஃபுல் குட் (நெறி தவறாத நல்லவன்) என்பது கட்டாயம். ஆகவே குட்டிகளை வைத்தாலே பாலடினுக்கு அது பொறிதான்: கொன்றால் தீயவன், விட்டால் "நாளைக்கு இவையே வளர்ந்து ஊரை எரிக்கும், அதற்கு நீ பொறுப்பு". 2008-இல் நான்காம் எடிஷனிலேயே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், 2014-இல் ஐந்தாம் எடிஷனில் சபதம் என்று வைத்தார்கள். ரூல் போய்விட்டது, பொறி மட்டும் டிஎம்களின் பழக்கத்தில் தங்கிவிட்டது. இன்னொன்று, நீங்கள் டிடெக்ட் ஈவில் (தீயதைக் காட்டும் மந்திரம்) போட்டுப் பார்த்திருந்தால் ரேஞ்சரின் வாயை அடைத்திருக்கலாம்.

என் கதை சின்னது. மூன்றாம் எடிஷன் காலத்தில் இதே பொறியை நானே வைத்தேன். ஒரு பாலடினின் சக்தி எல்லாவற்றையும் பிடுங்கினேன், ரூல்படி. அந்தப் பையன் இரண்டு செஷன் வெறும் வாளை வைத்துக்கொண்டு ஆடினான். மூன்றாவதுக்கு வரவில்லை. நானும் போன் செய்யவில்லை.

கோவை கிளெரிக்:

ஐயா, ஐந்தாம் எடிஷனின் 2014 ரூல்படி டிடெக்ட் ஈவிலில் கோப்ளின் தெரியாது. பேய், பிசாசு, தேவதை மாதிரி ஜீவன்கள்தான் தெரியும். அப்படியே தெரிந்திருந்தாலும் என்ன? "தீயது" என்று வந்திருந்தால் குட்டியைக் கொல்லலாமா? முதலில் எழுதியவர் அதைக் கேட்கவே இல்லை.

ஸ்காபரோ டிஎம்:

நான்தான் டிஎம். ஐந்து பேர், எல்லாரும் எங்கட ஆக்கள், ஈழத்தமிழர். நாலு பேர் இங்கே கனடாவில் பிறந்தவர்கள். பார்ட் (பாணன்) ஆடுகிற அண்ணா மட்டும் தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்.

கொள்ளைக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். முகாம் எங்கே என்று அறிய வேண்டும். விசர்ட் (மந்திரவாதி) ஆடின தம்பி கதிரையில் கட்டச் சொன்னார், பிறகு மெழுகுதிரி, பிறகு விரல்கள். அண்ணா, "நான் ஸோன் ஒஃப் ட்ரூத் போடுறன், அதுக்குள்ள அவன் பொய் சொல்லேலாது" என்றார். "மந்திர ஸ்லொட்டை வீணாக்காதைங்கோ, சண்டைக்குத் தேவைப்படும்" என்று விட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் மெல்லமாகச் சொன்னார். அப்போதும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கைதிக்குக் குரல் கொடுத்தது நான். "எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா" என்று அழுது நன்றாகவே செய்தேன். மேசையில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அண்ணா தன்னுடைய ஏழு டைஸையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் போட்டார். கடைசியாக அந்தச் சின்ன நாலுபக்க டைஸ். கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, "நேரமாச்சு, பஸ் போயிடும்" என்று எழும்பினார். அன்றைக்கு அவர் காரில்தான் வந்தவர்.

வட்டமேசை:

எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். இதெல்லாம் தடுக்கக்கூடியவை. கேம்பெயின் தொடங்கும் முன் செஷன் ஸீரோ வையுங்கள். டைஸ் வேண்டாம், டீ குடித்துக்கொண்டு பேசினால் போதும். எதைக் கதையில் கொண்டுவரவே கூடாது, எதைக் காட்டாமல் கடந்து போகலாம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் என்ற கேம் டிசைனர் 2003-இல் இவற்றை லைன்ஸ், வெய்ல்ஸ் என்று பிரித்தார். கோடு என்றால் தாண்டவே கூடாது. திரை என்றால், நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். சித்திரவதையை எங்கள் டேபிளில் கோட்டில்தான் வைப்போம்.

அதோடு எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் 2013-இல் எழுதியது. ஒரு அட்டையில் எக்ஸ் போட்டு நடுவில் வையுங்கள். யாராவது தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே விடப்படும், காரணம் கேட்கக் கூடாது. அட்டையை டிஎம் முதலில் தானே ஒரு தடவை தொட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூச்சத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

கோவை சகோதரிக்கு: பார்ட்டிக்குள் ஒருவர் இன்னொருவர் மேல் எது செய்தாலும், விளைவைச் சொல்வது பாதிக்கப்படுகிறவர் என்று வையுங்கள். "உன் வைரத்தை எடுக்கிறேன்" என்றால், கிடைத்ததா இல்லையா என்று நீங்கள் சொல்வீர்கள். சீட்டு எழுதிக் கொடுப்பதை நான் தடையே செய்திருக்கிறேன். "என் கேரக்டர் அப்படித்தான்" என்பவரிடம், அந்தக் கேரக்டரை எழுதியது நீதானே என்று கேளுங்கள்.

திருச்சி தம்பிக்கு: குரல் உயர்ந்த அந்த நிமிடமே டிஎம் ஐந்து நிமிடம் இடைவேளை விட்டிருக்க வேண்டும். இனிஷியேட்டிவ் கேட்டிருக்கக் கூடாது.

என் அனுபவம்: ஒருமுறை என் தங்கையே அட்டையைத் தொட்டாள். சிலந்திக்காக என்று நினைத்துக்கொண்டேன். அது இல்லை என்று பிறகு தெரிந்தது.

மலைக்கோட்டை பாலடின்:

ரேஞ்சர் ஆடியவனுக்கு நிஜமாகவே ஒரு தங்கை இருந்தாள். அவள் இறந்துபோன பிறகுதான் விளையாட வந்தான். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. பின்கதையை அவன் படித்துக் காட்டிய அன்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. அதனால் டிஎம் மேல் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஸ்காபரோ டிஎம்:

வட்டமேசைக்கு நன்றி. ஆனால் அட்டை இருந்திருந்தாலும் அண்ணா தொட்டிருக்க மாட்டார். இரண்டு தடவை வாயால் சொன்னார், நான் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவர் தானாகவே வந்தார். அதே கதிரை, அதே துணிப்பை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் டேபிளில் ஒருத்தனும் உயிரோடு பிடிபடுவதில்லை. தோற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். போகிற அவசரத்தில் வரைபடத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். விசர்ட் தம்பி முதல் தடவை மட்டும் "எப்பிடி விழுந்தது?" என்று கேட்டார். அண்ணா குனிந்து மேசையிலிருந்து எடுப்பதுபோல் கையைக் காட்டி, "நான் எடுக்கிறன்" என்றார்.