கோழி தன் குஞ்சையே கொத்தித் துரத்துகிறது, அவசரம்!

கொல்லைப்புறம்_செல்வி (காலை 6.50)
வணக்கம். எங்கள் கோழி நேற்றிலிருந்து குஞ்சுகளைக் கொத்தித் துரத்துகிறது. போன வாரம் வரை காக்கா நிழல் விழுந்தாலே கூப்பிட்டு இறக்கைக்குள் அடைத்துக்கொள்ளும். இப்போது தீனி போட்டால் கிட்டவே விடுவதில்லை. ஒன்றுக்கு மண்டையில் ரத்தம். ராத்திரி எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டு முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. விடிய விடியக் கத்தல். கோழிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? என்ன மருந்து கொடுக்கலாம்? வேலைக்குக் கிளம்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பஞ்சாரம்
பொரித்து எத்தனை நாள்?

உடுமலை_தம்பி
நாட்டுக்கோழிதானே அக்கா? சின்ன உடம்புச் சிறுவிடையா, பெரிய உடம்புப் பெருவிடையா? எத்தனை குஞ்சு? போட்டோ இருந்தால் போடுங்கள்.

வேப்பங்கொட்டை
இது செல்லேதான் (இறகுக்குள் ஊரும் பேன் மாதிரிப் பூச்சி), சந்தேகமே வேண்டாம். உடம்பில் செல் ஏறிய கோழி குஞ்சை அண்டவிடாது. வால் பக்கத்து இறகைத் தூக்கிப் பாருங்கள், ஊர்ந்துகொண்டிருக்கும். அடுப்புச் சாம்பலில் வேப்பிலைப் பொடி கலந்து ஒரு குழியில் கொட்டிவிட்டால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும்.

பஞ்சாரம்
செல் என்றால் அடையில் இருக்கும்போதே எழுந்து ஓடியிருக்கும். நாள் கணக்கு தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

வேப்பங்கொட்டை
என் கோழி ஓடவில்லையே! 18 முட்டையையும் பொரித்துவிட்டுத்தான் எழுந்தது. அப்புறம் பார்த்தால் உடம்பெல்லாம் செல்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
'எங்கள் கோழி' என்றால் எங்களுக்கு எப்படியம்மா தெரியும்? வயது இல்லை, இனம் இல்லை, தீனி இல்லை. மருந்து மட்டும் உடனே வேண்டும். இதே கேள்விக்கு நான் இங்கே பத்துத் தடவையாவது பதில் எழுதியிருப்பேன், தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. அடையில் உட்காரவும் குஞ்சைக் காக்கவும் வைப்பது புரோலாக்டின் என்ற சுரப்பு. குஞ்சுக்கு இறகு முளைக்க முளைக்க அது குறையும். கோழி அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த சுற்று முட்டைக்குத் தயாராகும். அவ்வளவுதான். இதற்குப் பைத்தியம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

மேலூர்_மருமகள்
வாத்தியாரய்யா, வேலைக்குப் போகிற அவசரத்தில் எழுதியிருக்கிறார், விடுங்கள். செல்வி, கொண்டையைப் பாருங்கள். அடையில் இருந்தபோது வெளிறிக் கிடந்த கொண்டை இப்போது நல்ல சிவப்பாக இருந்தால் முட்டைக்குத்தான் தயாராகிறது. ரெண்டொரு நாளில் முட்டையிடக் கொக்கொக் என்று கேற ஆரம்பிக்கும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று சும்மாவா சொன்னார்கள்?

உடுமலை_தம்பி
மிதித்தால்தான் முடமாகாது, கொத்தினால் ஆகும் :) ரத்தம் வந்த குஞ்சை முதலில் தனியே எடுத்து வையுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்றதெல்லாம் அதே இடத்தில் கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டால் போதும்.
என்னைக் கேட்டால் தாயிடம் இவ்வளவு நாள் விடுவதே நஷ்டம். நான் முதல் வாரத்திலேயே பிரித்து பல்பு வெளிச்சத்துக்கு மாற்றிவிடுவேன். ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை, அடைக்கு 21 நாள், குஞ்சு வளர்க்க ரெண்டு மாதத்துக்கு மேல். இப்படியே விட்டால் வருடத்துக்கு மூன்று ஈடு தேறினால் பெரிது.

மேலூர்_மருமகள்
கரையானைக் கிளறிக் காட்டுவதும் பருந்தைப் பார்த்து ஒளிவதும் பல்பு சொல்லித் தருமா தம்பி?

உடுமலை_தம்பி
பருந்துக்கு வலை கட்டியிருக்கிறேன் அக்கா.

வேப்பங்கொட்டை
எங்கள் ஆத்தா அடைக்கு உட்காரவே விடமாட்டார். அதன் இறகையே ஒன்று பிடுங்கி மூக்கில் குறுக்கே செருகிவிடுவார். நாலு நாளில் அடை தெளிந்து முட்டைக்கு வந்துவிடும்.

மேலூர்_மருமகள்
கொடுமை. உங்கள் மூக்கில் செருகினால் தெரியும். தண்ணீரில் ரெண்டு முக்கு முக்கினால் போதாதா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்
முக்குவது மட்டும் என்ன, உபசாரமா? அடியில் காற்றுப் போகிற கம்பிக்கூண்டில் மூன்று நாள் வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தானே கலையும். இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

வேப்பங்கொட்டை
நீங்கள் எழுதாதது எதுவும் இருக்கிறதா ஐயா? எங்கள் ஆத்தா கம்பிக்கூண்டைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டில் முட்டை இல்லாத நாளே கிடையாது.

பஞ்சாரம்
அடை கலைக்கிற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோழி அடையிலேயே இல்லை. செல்வி, இருக்கிறீர்களா?

கொல்லைப்புறம்_செல்வி (மதியம் 1.20)
மன்னிக்கவும், இப்போதுதான் சாப்பாட்டு நேரம். கார்த்திகை தீபத்தன்று பொரித்தது, ஏழு வாரம் ஆகிறது. சிறுவிடை. மொத்தம் 13 குஞ்சு. கொண்டை சிவப்பாகத்தான் இருக்கிறது.

மேலூர்_மருமகள்
அவ்வளவுதான், சொன்னேனே! ஏழு வாரக் குஞ்சுக்கு இறகெல்லாம் வந்திருக்கும், தானே பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குத் தீனித்தட்டை மட்டும் ரெண்டு இடத்தில் வையுங்கள்.

பஞ்சாரம்
எனக்கு ஒன்று இடிக்கிறது. போன வாரம் வரை இறக்கைக்குள் அடைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வாரக் குஞ்சு 13, ஒரு சிறுவிடையின் இறக்கைக்குள் எப்படி அடங்கும்?

கொல்லைப்புறம்_செல்வி
அது சின்னது நாலு மட்டும் அண்ணா. அரையாண்டு லீவில் பிள்ளைகள் சைக்கிள்காரரிடம் கலர்க் குஞ்சு வாங்கினார்கள். ராத்திரி கோழிக்கு அடியில் விட்டோம், சேர்த்துக்கொண்டது. சொல்ல மறந்துவிட்டேன். ரத்தம் வந்ததும் அதில் ஒன்றுக்குத்தான்.

உடுமலை_தம்பி
அக்காாா

ஓய்வுபெற்ற_வாத்தியார்
நான் முதலிலேயே என்ன கேட்டேன்?

பஞ்சாரம்
பரவாயில்லை, இப்போதாவது வந்ததே. மூன்று வாரம் வளர்ந்த குஞ்சு வைத்திருக்கிற கோழி வெளிக்குஞ்சைச் சேர்த்துக்கொள்வதே அபூர்வம், உங்கள் கோழி நல்ல தாய்தான். ஆனால் அதற்குக் கணக்கு ஒன்றுதான். தன் குஞ்சு பெரிதானதும் எல்லாவற்றையும் சேர்த்தே விலக்கிவிடும், சின்னது நாலையும் பார்க்காது.
பெரிய ஒன்பதுக்கும் ராத்திரி பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்தால் போதும். சின்னதுக்கு நாலு வாரம்தான் ஆகிறது, பாதி இறகுதான் இருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், வெறும் தரையில் விடாதீர்கள். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஒரு ஓரமாக மட்டும் 60 வாட் குண்டு பல்பு கட்டுங்கள். எல்லாம் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, எட்ட ஓடினால் அதிகம். ராத்திரிக்குப் போதும், பகலில் வெயில் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஒரு மாதத்துக்குப் பெரியவற்றோடு சேர்க்க வேண்டாம்.
சைக்கிள்காரர் குஞ்சுக்குக் கோழிக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்து போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். பிப்ரவரியில் கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும். எட்டு வாரம் ஆனதையெல்லாம் கொண்டுபோங்கள், சின்னதுக்கு என்ன போடலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

வேப்பங்கொட்டை
எதற்கும் செல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொல்லைப்புறம்_செல்வி (மூன்று நாள் கழித்து)
நேற்று காலையில் கேறியது, வைக்கோல் போரில் முட்டை. பெரியதெல்லாம் நன்றாக மேய்கின்றன. சின்னதில் அடிபட்டது செத்துப்போய்விட்டது, மீதி மூன்றும் பல்புக்கு அடியில் இருக்கின்றன. செல் பார்த்தேன், கொஞ்சம் இருந்தது. எல்லோருக்கும் நன்றி.

வேப்பங்கொட்டை
!!!