கீர்த்தனையா கோரஸா, கிராமத்து சபைல எதைப் பாடுறது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இறையியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், சனி ஞாயிறு ஒரு கிராமத்து சபைக்கு ஊழியத்துக்குப் போறேன். வாலிபர்க கீபோர்டு டிரம்ஸ் வச்சு யூடியூப்ல வர்ற கோரஸ், அதான் சின்னச் சின்ன புது துதிப்பாட்டுதான் பாடணும்ங்கிறாங்க. போன ஞாயிறு ஒரு பாட்டி பாடாம பழைய கீர்த்தனை பாட்டு புஸ்தகத்த மடில வச்சு தடவிட்டே இருந்தாங்க, எனக்கு பிரசங்கமே ஓடல. மிஷன், அதாவது சபையோட ஊழியம்னா காலத்துக்கேத்த மாதிரி மாறுறதா, இருக்கிறத காக்குறதா?

பதில் 1:
தம்பி, கீர்த்தனையும் ஒரு காலத்துல புதுசுதான். 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடில வந்து எறங்குனாரு, அந்த மிஷனரிங்க வழியா வந்தது ஜெர்மன் மெட்டு ஞானப்பாட்டு, அப்புறந்தான் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நம்ம கர்நாடக ராகத்துல கீர்த்தனை எழுதி ஜனங்க வாய்ல ஏத்துனாரு. கோரஸ் வரட்டும், ஆனா பாட்டிக்கு தெரிஞ்ச ஒண்ணு வாராவாரம் இருக்கணும்.

பதில் 2:
அண்ணே, கர்நாடக ராகமும் எல்லாருக்கும் சொந்தமில்லையே. எங்க ஊர்ல பறைய சாவு வீட்டோட நிறுத்திட்டாங்க, சர்ச்சுக்குள்ள விடல. மதுரை அரசரடி இறையியல் கல்லூரில தியோபிலஸ் அப்பாவு ஐயா நாட்டுப்புற மெட்டுல வழிபாடே எழுதி பறையையும் உள்ள கொண்டு வந்தாரு, அதக் கேட்டப்பதான் சுவிசேஷம் எங்க தெருவுக்கும் வந்துச்சுன்னு நெனச்சேன். எந்தப் பாட்டுங்கிறத விட யார் பாட்டு வெளிய நிக்குதுன்னு பாருங்க.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. இந்த வாரம் பாட்டி வீட்டுக்கே போறேன், அவங்க நாத்து நடும்போது பாடுறதையும் கேக்கணும்.