சடுகுடு மூச்சும் அரை மில்லிமீட்டர் புள்ளியும்

மேலத்தெரு குடும்பம்
30 ஆகஸ்ட் 2024, வெள்ளி

பெரியப்பா (4:58): பலமுறை ஃபார்வர்ட் ஆனது
"இரண்டு கால்களும் இல்லாத பெண் பாரிஸில் தங்கம்!! கை கால் நன்றாக இருந்தும் குறை சொல்லும் நாம் வெட்கப்பட வேண்டும்!! இந்தியர் என்றால் பகிருங்கள்!!"

கோவை அத்தை: கண் கலங்கிவிட்டது அண்ணா

பெரியண்ணி: வாழ்த்துகள்

மாமா: ராயல் சல்யூட்

சின்ன அண்ணன்: பெரியப்பா, பாரிஸ் பாராலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கிய அவனி லேகராவுக்கு இரண்டு காலும் இருக்கிறது.

சின்ன அண்ணன்: 2012-ல் கார் விபத்து. ஜெய்ப்பூரிலிருந்து தோல்பூர் போகிற வழியில். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. என்னைப் போலத்தான். அப்புறம், நீங்கள் போட்ட படத்தில் இருப்பது அவனி லேகரா இல்லை, மோனா அகர்வால். அதே போட்டியில் வெண்கலம் வாங்கியவர்.

பெரியப்பா: சரி தம்பி, வந்ததை அனுப்பினேன். நல்ல செய்திதானே.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன அண்ணன்: நல்ல செய்திதான். அந்த 'வெட்கப்பட வேண்டும்' வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மாமா: மாப்பிள்ளை, நீ மேட்ச் பார்த்தாயா? நான் முடிவைத்தான் பார்த்தேன்.

சின்ன அண்ணன்: முழுக்கப் பார்த்தேன் மாமா. கடைசிக் குண்டுக்கு முன்னால் கொரியாவின் லீ யுன்ரி 0.8 மார்க் முன்னிலையில் இருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று நானே போனைக் கீழே வைக்கப் போனேன். அவனி 10.5 அடித்தார். லீ 6.8.

மாமா: 6.8? இறுதிச் சுற்றுக்கு வந்தவர் அப்படியா அடிப்பார்?

சின்ன அண்ணன்: அடிப்பார். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அந்தப் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர் மாமா. பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். போகிற குண்டே 4.5 மில்லிமீட்டர். நெஞ்சு ஒரு துடிப்பு கூடத் துடித்தால் குழல் முனை நகரும். குண்டு போய்விடும்.

சின்ன அண்ணன்: ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. இறுதிச் சுற்றில் 24 குண்டு. அவனி மொத்தம் 249.7. குண்டுக்கு 10.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 249.6. அதுவும் இதே ஆகஸ்ட் 30-ஆம் தேதிதான், 2021-ல்.

கோவை அத்தை: மூன்று வருஷத்தில் 0.1 தான் கூடியிருக்கிறதா மருமகனே

சின்ன அண்ணன்: அத்தை, இந்த மார்ச்சில் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். படுத்து எழுந்து வந்து 0.1 கூட்டியிருக்கிறார்.

கோவை அத்தை: அம்மாடி

பெரியண்ணி: தம்பி இவ்வளவு விவரம் பேசி நான் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது

மாமா: ஆமாம். கபடி பேசினால்தான் வாய் மூடாது. என்ன மாப்பிள்ளை விசேஷம்?

நான்: மாமா, அவரைச் சாப்பிட விடுங்கள்

மாமா: சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்ன சாப்பாடு? நீ எதையோ மறைக்கிறாய்.

சின்ன அண்ணன்: விடு பாப்பா, சொல்லிவிடுகிறேன்.

சின்ன அண்ணன்: நானும் சுட ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போய் வந்தேன். அம்மாவிடம் பிசியோ என்று சொன்னோம். பாப்பாதான் வண்டி ஓட்டினாள்.

அம்மா: குரல் பதிவு (0:47)

பெரியண்ணி: அத்தை குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார்

நான்: அம்மா, என்னைத் திட்டியது போதும். அடுத்த அறையில்தானே இருக்கிறேன், நேரில் வந்து திட்டலாம்.

மாமா: அக்கா கோபத்தை அப்புறம் பார்க்கலாம். துப்பாக்கிக்கு லைசென்ஸ்? நான் முப்பது வருஷம் போலீஸில் இருந்தவன், கேட்காமல் இருக்க முடியாது.

சின்ன அண்ணன்: இது ஏர் ரைஃபிள் மாமா, காற்றழுத்தத்தில் சுடுவது. குழல் 0.177 அங்குலம், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் நம் ஆயுத விதிகளில் உரிமம் தேவையில்லை. அதோடு என்னிடம் சொந்தமாக இல்லை. ரேஞ்சில் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஜெர்மன் ரைஃபிள் வாங்க லட்சக்கணக்கில் ஆகும், அந்தப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

பெரியப்பா: உட்கார்ந்துகொண்டே எப்படிச் சுடுவது தம்பி? பிடிமானம் வேண்டாமா?

சின்ன அண்ணன்: அதுதான் பெரியப்பா விஷயமே. நாம் உட்கார்ந்து சுட்டாலும் போட்டிக்குப் பெயர் 'ஸ்டாண்டிங்'. காரணம், முழங்கையை எதன் மேலும் ஊன்றக் கூடாது. ஊன்றிச் சுடுவதற்கு 'ப்ரோன்' என்று தனிப் போட்டி, அதில் நாற்காலிக்கு முன்னால் சின்ன மேசை உண்டு. துப்பாக்கியின் கனத்தைத் தானே தாங்க முடிகிறவர்கள் எஸ்ஹெச் 1. கையிலும் பலம் போனவர்களுக்கு ஸ்பிரிங் வைத்த தாங்கி கொடுப்பார்கள், அது எஸ்ஹெச் 2. நான் முதல் வகையாக இருப்பேன் என்று நினைக்கிறேன். அதை முடிவு செய்ய வேண்டியது வகைப்படுத்துகிறவர்கள்.

சின்ன அண்ணன்: வயிற்றுத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். நாற்காலி முதுகுச் சாய்வு எவ்வளவு உயரம் வைத்துக்கொள்ளலாம் என்பது அதைப் பொறுத்தது.

மாமா: துப்பாக்கி எவ்வளவு கனம்?

சின்ன அண்ணன்: அதிகபட்சம் ஐந்தரை கிலோ வரை போகலாம். தூக்குவது கஷ்டமே இல்லை, கையில்தான் இன்னும் கபடிக்காரன் பலம் இருக்கிறதே. ஆனால் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் முன்னால் நீட்டினால் நான் அப்படியே குப்புறச் சாய்கிறேன். இடுப்பில் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. முதல் நாள் மூன்று முறை சாய்ந்தேன். மூன்றாவது முறை பாப்பா சட்டையைப் பிடித்து இழுத்தாள், பட்டன் போயிற்று.

நான்: அந்தப் பட்டனைத் தைத்ததும் நான்தான்

அம்மா: புண் வந்தால் என்ன செய்வாய்

நான்: அம்மா டைப் செய்கிறார். எல்லாரும் ஜாக்கிரதை.

அம்மா: போன வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண் ஆற நாலு மாசம். மறந்து போச்சா. சுடுகிறவர்கள் போடுகிற அந்தக் கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில்

சின்ன அண்ணன்: மறக்கவில்லை அம்மா. தகுதிச் சுற்று 60 குண்டு, 75 நிமிஷம். அதற்கு முன்னால் தயாராக 15 நிமிஷம். நான் இப்போது இருபது குண்டோடு நிறுத்திவிடுகிறேன். நடுவில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குகிறேன், டாக்டர் சொன்னபடியே. காற்று மெத்தையைக் கொண்டுபோகிறேன். கோட்டு இன்னும் வாங்கவே இல்லை.

அம்மா: வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்துப் பார்த்தாயா

சின்ன அண்ணன்: பார்த்தேன். சிவப்பு இல்லை.

கோவை அத்தை: அண்ணி, பிள்ளை சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறான்

பெரியப்பா: எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நீ எப்படி ஆடுவாய்! கபடியில் ஏறிப் பாடப் போனால் எதிரணி கலையும். அந்த ஆட்டம் எங்கே, அசையாமல் உட்கார்ந்திருக்கிற இது எங்கே. பிடிக்கிறதா உனக்கு? நிஜமாகச் சொல்.

(பத்து நிமிஷம் யாரும் எழுதவில்லை)

சின்ன அண்ணன்: பெரியப்பா, நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்பா நச்சரித்ததால் போனேன். நாலு குண்டு சுவரில். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, எழுந்திருக்க முடியாதது வேறு விஷயம்.

சின்ன அண்ணன்: அப்புறம் அங்கே சொல்லிக் கொடுப்பவர், மூச்சைப் பாதி வெளியே விட்டு அப்படியே நிறுத்து, பிறகு விரலை அழுத்து என்றார். அந்த நொடியில் காது அடைத்தது. நம் ஊர் சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போவோமே, கோடு திரும்பி வருகிற வரைக்கும் ஒரே மூச்சு. கடைசி ரெண்டு மூன்று நொடி சத்தமெல்லாம் அடங்கி எதிராளியின் கை மட்டும் தெரியும். அதே அடைப்பு. இங்கே பாட்டு இல்லை, அவ்வளவுதான். கபடியில் ரெய்டுக்கு 30 விநாடி. இதில் இறுதிச் சுற்றில் தனிக் குண்டுக்கு 50 விநாடி. எனக்கு இருபது விநாடி கூடவே கொடுக்கிறார்கள்.

சின்ன அண்ணன்: அந்தக் குண்டு 9.1. அன்றைக்கு அதுதான் பெரிசு. அடுத்தது 5.

மாமா: 9.1 மோசமில்லை மாப்பிள்ளை

சின்ன அண்ணன்: போட்டியில் 9.1 மோசம் மாமா. ஆனால் எனக்கு அன்றைக்குப் போதும். அவனியும் முதலில் வில்வித்தையைத்தான் முயன்று பார்த்தார், 2015-ல் அப்பா கூட்டிப்போனதால். மோனா குண்டு எறிதல், வட்டு எறிதல், பளு தூக்குதல் எல்லாம் பார்த்துவிட்டு 2021 கடைசியில்தான் துப்பாக்கியைத் தொட்டார். ரெண்டே முக்கால் வருஷத்தில் பாரிஸ் வெண்கலம். சும்மா சொல்கிறேன், உடனே எனக்கும் மெடல் என்று ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள் பெரியப்பா.

பெரியப்பா: செய்ய மாட்டேன். மூணாம் தேதி மாரியப்பன் உயரம் தாண்டுவதைப் பார்க்கிறேன், அதை மட்டும் அனுப்புகிறேன்.

பெரியண்ணி: நம் பக்கத்தில் யாராவது இப்படிச் சுடுகிறவர்கள் இருக்கிறார்களா தம்பி, போய்க் கேட்க

சின்ன அண்ணன்: திருவனந்தபுரத்தில் சித்தார்த்த பாபு இருக்கிறார் அண்ணி. 2002-ல் பைக் விபத்து. டோக்கியோவுக்குப் போனார், இப்போது பாரிஸிலும் இருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பதில் வந்தால் பார்ப்போம்.

அம்மா: குரல் பதிவு (0:06)

நான்: அம்மா கேட்பது: ரேஞ்சுக்குள் எப்படிப் போனாய்?

சின்ன அண்ணன்: அதைத்தான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். வாசலில் மூன்று படி. சரிவுப் பாதை இல்லை. காவலாளியும் டீக்கடைப் பையனும் நாற்காலியோடு தூக்கினார்கள். ரெண்டாவது வாரம் காவலாளிக்கு லீவு, முக்கால் மணி நேரம் வெளியே வெயிலில் இருந்தேன்.

மாமா: அட என்ன மாப்பிள்ளை, வீட்டு மாடியில் ஆறடிப் பலகை கிடக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். ரேஞ்ச் ஆட்களிடம் நான் பேசுகிறேன்.

சின்ன அண்ணன்: ஆறடி போதாது மாமா. அரையடிப் படி மூன்று, உயரம் ஒன்றரை அடி. ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இல்லையென்றால் நாற்காலி பின்னால் கவிழும். பதினெட்டு அடி.

மாமா: பதினெட்டு அடிப் பலகைக்கு நான் எங்கே போவேன்

அம்மா: பந்தல்காரரிடம் இருக்கும். நான் கேட்கிறேன்.

நான்: அம்மா??

அம்மா: ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்