முத்திரை அல்பத்தைப் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நானுஓயாவில் இருக்கிறேன், முத்திரை சேர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். இந்த மழைக்கு அலுமாரிக்குள்ளேயே ஈரம் ஊறி, அல்பத்தில் இருக்கும் பழைய 'சிலோன்' முத்திரைகளில் மண்ணிறப் புள்ளி விழத் தொடங்கிவிட்டது. எனக்கு உயிரான செட், தேயிலைக்கு நூறு வருடம் ஆனதற்கு 1967இல் வெளியிட்டது, அதில் ஒன்று பின்பக்கப் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. பாவித்த முத்திரை என்றால் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிடலாம், இது பாவிக்காதது, நனைத்தால் பசை போய்விடும், பெறுமதியும் குறையும். பசை கெடாமல் எடுக்க வழி உண்டா? அப்புறம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் ஹட்டன், கண்டிப் பக்கம் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? என்னிடம் 1972க்குப் பிந்திய 'ஸ்ரீ லங்கா' முத்திரைகள் இரட்டையாக நிறைய இருக்கின்றன, மாற்றிக்கொள்ள விருப்பமானவர்களும் எழுதுங்கள்.